சேமித்த சுட்டிகள் யாருடையவை?

2010 டிசம்பரில் யாஹூ நிறுவனத்தின் உள்கூட்டத்தில் காட்டப்பட்ட ஸ்லைடு ஒன்று வெளியே கசிந்தது. மூடப்போகும் சேவைகளின் வரிசையில், இணையச் சுட்டிகளைச் சேமிக்கும் தளமான ‘டெலிஷியஸ்’ பெயரும் அதில் இருந்தது. செய்தி பரவியதும், அதைப் பயன்படுத்தியவர்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த இணையச் சுட்டிகளைத் தங்கள் கணினிக்கு இறக்கிக்கொள்ள விரைந்தார்கள். வெறும் முகவரிப் பட்டியலுக்கு ஏன் அவ்வளவு பதற்றம்? அந்தப் பட்டியலுக்குள் லட்சக்கணக்கானோரின் வாசிப்பு இருந்தது.

மறதிக்கு மருந்து

நியூயார்க்கில் மார்கன் ஸ்டான்லி நிதி நிறுவனத்தில் பணியாற்றிய ஜோஷுவா ஷாக்டர், தமக்குப் பிடித்த பக்கங்களின் முகவரிகளை ஒரு சாதாரணக் கோப்பில் எழுதிவந்தார். பட்டியல் ஆயிரக்கணக்கில் வளர்ந்ததும், தேட வசதியாக ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓரிரு சொற்களைக் குறித்துவைத்தார். அந்தப் பழக்கத்தை எல்லோருக்கும் பொதுவாக்கி, 2003இல் டெலிஷியஸைத் தொடங்கினார்.

பிரவுசரில் நாம் சேமிக்கும் புக்மார்க் ஏதேனும் ஒரு ஃபோல்டருக்குள் போய்விடும். காபியின் வரலாற்றைச் சொல்லும் கட்டுரையை ‘உணவு’ ஃபோல்டரில் போடுவதா, ‘வரலாறு’ ஃபோல்டரில் போடுவதா? ஒன்றில் போட்டுவிட்டு இன்னொன்றில் தேடினால் கிடைக்காது. டெலிஷியஸில் அதே கட்டுரைக்கு ‘காபி’, ‘உணவு’, ‘வரலாறு’ என மூன்று குறிச்சொற்களையும் தர முடிந்தது. எதைச் சொல்லித் தேடினாலும் கட்டுரை வந்து நின்றது.

அடுத்த படிதான் முக்கியமானது. ஒருவர் சேமித்தது மற்றவர்களுக்கும் தெரிந்தது. ‘காபி’ என்ற சொல்லை அழுத்தினால், அதே சொல்லைக் கொடுத்து எல்லோரும் சேமித்த பக்கங்கள் விரிந்தன. ஒரு பக்கத்தை எத்தனை பேர், யார் யார் சேமித்திருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. அவர்களில் ஒருவரின் பெயரை அழுத்தினால், நம்மைப் போலவே ரசனை கொண்டவரின் முழுச் சேகரிப்பும் கண்முன் இருந்தது. யாரும் ஊருக்கு உழைப்பதாக நினைத்து இதைச் செய்யவில்லை. தன் மறதிக்கு மருந்தாக ஒருவர் எழுதிய சொல், முகம் தெரியாத இன்னொருவருக்கு வழிகாட்டியது.

இப்படி மக்களே உருவாக்கும் வகைப்பாட்டுக்கு 2004இல் ‘ஃபோக்சானமி’ என்று பெயர் வைத்தார் தாமஸ் வாண்டர் வால். நூலகரின் ஒழுங்கு இதில் இல்லை. ஒருவர் ‘சமையல்’ என்பார், இன்னொருவர் ‘சமையல் குறிப்பு’ என்பார். ஆனாலும் பலர் ஒரே பக்கத்துக்குத் தந்த சொற்களைச் சேர்த்துப் பார்க்கும்போது அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்பது தெளிவாகிவிடும்.

ஒரு சாய்கோடு செய்த கலகம்

2005இல் டெலிஷியஸை வாங்கிய யாஹூ, கசிவுக்குப் பிறகு அதை மூடாமல் விற்றது. யூடியூபைத் தொடங்கியவர்களில் இருவரான சாட் ஹர்லி, ஸ்டீவ் சென் ஆகியோரின் நிறுவனம் 2011இல் அதை வாங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் தளம் புதிதாக எழுதப்பட்டு வெளிவந்தது. அந்த மாற்றம் ஒரு சமூகத்தைக் கடுமையாகப் பாதித்தது.

தொலைக்காட்சித் தொடர்கள், திரைப்படங்களின் பாத்திரங்களை வைத்துப் புதிய கதைகள் எழுதும் ரசிகர்களுக்கு டெலிஷியஸ்தான் நூலகமாக இருந்தது. எந்தத் தொடர், எவ்வளவு நீளம், சோக முடிவா, சுப முடிவா என்று ஒவ்வொரு கதைக்கும் நுணுக்கமாகக் குறிச்சொல் வைத்திருந்தார்கள். கதையில் இணையும் இருவரின் பெயர்களுக்கு நடுவே ஒரு சாய்கோடு போடுவது அவர்கள் வழக்கம். புதிய தளத்துக்குச் சாய்கோடு புரியவில்லை. பல ஆண்டு உழைப்பில் அடுக்கிய அலமாரிகள் ஒரே நாளில் குலைந்தன.

அப்போது பலர் போய்ச் சேர்ந்த இடம், மாச்செய் செக்வோவ்ஸ்கி 2009இல் தொடங்கிய கட்டணச் சேவையான ‘பின்போர்டு’. உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர் ரசிகர்களிடம் கேட்டார். அவர்கள் கூடி எழுதிய பதில் பல பத்துப் பக்கங்களுக்கு நீண்டது. அந்த ஆவணத்தையும் அழகாக வகைப்படுத்தியிருந்தார்கள். கேட்டவற்றில் பலவற்றை அவர் செய்தும் கொடுத்தார். ஒரு சமூகம் தன் சேகரிப்பை எவ்வளவு மதிக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

டெலிஷியஸ் மேலும் சில கைகள் மாறியது. கடைசியில் 2017 ஜூனில் அதே பின்போர்டு, 35,000 டாலருக்கு அதை வாங்கிப் புதிய சேமிப்புகளை நிறுத்தியது. இப்படி மூடப்படும் சேவைகளின் பட்டியல் இன்றும் நீள்கிறது. கூகுள் புக்மார்க்ஸ் 2021இல் மூடப்பட்டது. மொசில்லாவின் ‘பாக்கெட்’ 2025 ஜூலையில் மூடப்பட்டது.

நாம் செய்யக்கூடியது

சேவை நிலைத்தாலும் பக்கம் நிலைக்கும் என்று சொல்ல முடியாது. 2013இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுகளில் மறைந்துவிட்டதாக பியூ ஆய்வு மையம் 2024இல் கண்டறிந்தது. ஆகவே முக்கியமான பக்கத்தைச் சேமிக்கும்போதே, இன்டர்நெட் ஆர்க்கைவின் ‘வேபேக் மெஷின்’ தளத்தில் அதன் முகவரியைக் கொடுத்து ஒரு நகலையும் பதிவுசெய்துவிடுங்கள்.

சுட்டியுடன் மூன்று நான்கு குறிச்சொற்களும், ஏன் சேமித்தோம் என்று ஒரு வரியும் எழுதுங்கள். வாட்ஸ்அப் குழுவில் அனுப்பும் சுட்டி மறுநாளே செய்திக் குவியலுக்குள் புதைந்துவிடும். குறிச்சொல்லோடு பொதுவில் வைத்தால் அடுத்த ஆண்டு வருபவருக்கும் கிடைக்கும். ரெயின்டிராப், டிகோ போன்ற சேவைகள் இதற்கு உண்டு. சொந்த சர்வர் வைத்திருப்பவர்களுக்கு ‘லிங்க்டிங்’, ‘ஷார்லி’ போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இருக்கின்றன. மருத்துவம், வங்கி தொடர்பான சுட்டிகளை மட்டும் பொதுவில் வைக்காதீர்கள்.

எந்தச் சேவையாக இருந்தாலும், சில மாதங்களுக்கு ஒருமுறை எல்லாச் சுட்டிகளையும் ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் தரும் அந்தக் கோப்பைத் திறந்து முதல் வரியைப் பாருங்கள். ‘நெட்ஸ்கேப்’ என்று எழுதியிருக்கும். அந்த பிரவுசர் 2008இலேயே கைவிடப்பட்டது. அது வகுத்த எளிய கோப்பு வடிவத்தை எவரும் பயன்படுத்தலாம் என்பதால், அந்த வடிவம் மட்டும் இன்றும் நம் சுட்டிகளைச் சுமந்துகொண்டிருக்கிறது.