இழுத்தா சரியாயிடுமா, அண்ணாச்சி?

விருதுநகரில் ஏதாவது ஒரு டீக்கடையில் காலை எட்டரை மணிக்குப் போய் நின்று பாருங்கள். "எனக்கு எல்-4, எல்-5 ணே..." என்பார் ஒருவர். "எனக்கு எல்-5, எஸ்-1. உங்களுக்கு அடுத்த ஸ்டாப்" என்பார் பக்கத்தில் இருப்பவர். வெளியூர்க்காரர் காதில் விழுந்தால் டவுன் பஸ் ரூட் நம்பர் என்று நினைத்துக்கொண்டு, "சிவகாசி போகுமா?" என்று விசாரிப்பார். போகும் சார். சிவகாசி, சாத்தூர், திருத்தங்கல் எல்லா இடத்துக்கும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்தாகிவிட்டது. முதுகெலும்பில் கெட்டுப்போன டிஸ்க்கின் விலாசம் அது!

காரணம் தேடி ரொம்ப தூரம் போகவேண்டாம். சிவகாசி, உட்கார்ந்தே முன்னேறிய ஊர். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த நாளிலிருந்து, பெட்டி ஒட்டுவது, குழாய் உருட்டுவது, மருந்து அடைப்பது எல்லாமே தரையில் குனிந்து உட்கார்ந்து செய்கிற வேலைதான். அச்சகத்துக்காரர்களுக்கு நாற்காலி உண்டு. ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வந்துவிட்டால், டிசம்பர் வரை அதிலிருந்து எழுந்திருக்க மட்டும் முடியாது. விருதுநகர் மண்டியில் மூட்டை தூக்குகிற லோடுமேனுக்கு ஒரு விதமான வலி என்றால், பெட்டியடியில் கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருக்கும் கணக்கருக்கு இன்னொரு விதம். ஆல்ஃப் நாகெம்சன் என்ற ஸ்வீடன் டாக்டர் 1960-களிலேயே டிஸ்க்குக்குள் ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்து பார்த்தார். நிற்பதைவிட, முன்னால் குனிந்து உட்காரும்போதுதான் அழுத்தம் அதிகம் என்று தெரிந்தது.

'ஜவ்வு விலகிடுச்சு' என்கிறோம். உண்மையில் எதுவும் விலகுவதில்லை. டிஸ்க் என்பது இரண்டு எலும்புகளுக்கு நடுவில் இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு மெத்தை. பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே கெட்டியான மாவு, உள்ளே வழவழவென்று பூரணம். முன்பக்கம் அழுத்திக்கொண்டே இருந்தால் பின்பக்கம் விரிசல் விட்டுப் பூரணம் பிதுங்கும். பிதுங்குகிற இடத்தில் நரம்பு இருந்தால் போச்சு! வலி இடுப்பில் ஏறி, தொடை வழியாகப் பயணம் செய்து, கால் கட்டைவிரலில் இறங்கும். இப்படிப் பிதுங்குவதுதான் கால்வலிக்குக் காரணம் என்று மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் 1934-ல் எழுதிய பிறகுதான் உலகத்துக்கே உறைத்தது.

வைத்தியம் மட்டும் அதற்கு வெகுகாலம் முந்தியே வந்துவிட்டது. நம்ம ஊரில், பிறக்கும்போது கால் முன்னால் வந்த ஆசாமியைத் தேடிப்பிடித்து இடுப்பில் ஒரு மிதி மிதிக்கச் சொல்வார்கள். (மிதித்தவருக்கு மரியாதை, மிதி வாங்கியவருக்கு அதிர்ஷ்டம் எப்படியோ அப்படி!) கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டஸ் காலத்தில் ஆளைப் பலகையில் கட்டி இரண்டு பக்கமும் இழுத்தார்கள். ஆஸ்பத்திரியில் இடுப்பில் பெல்ட் கட்டி, கட்டில் ஓரத்தில் எடையைத் தொங்கவிட்டுப் படுக்க வைக்கிற 'டிராக்‌ஷன்' அதன் பேரன். இன்று போர்டு போர்டாகத் தொங்குகிற 'ஆபரேஷன் இல்லாத டிகம்ப்ரஷன் சிகிச்சை' கொள்ளுப்பேரன்.

பேரனுக்கும் கொள்ளுப்பேரனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இதில் இழுப்பது மோட்டார், கணக்கு வைப்பது கம்ப்யூட்டர். இழுத்து, கொஞ்சம் விட்டு, மறுபடி இழுக்கும். ஒரு சிட்டிங் அரை மணி நேரம். பெரும்பாலும் இருபது சிட்டிங். கனடாவில் ஆலன் டையர் என்ற டாக்டர் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய 'வாக்ஸ்-டி' மேஜைதான் இந்த வகைக்கு முன்னோடி. அதில் படுக்க வைத்து இழுத்தால் டிஸ்க்குக்குள் அழுத்தம் குறைந்து, சுழிக்குக் கீழேயே போய்விடுகிறது என்று 1994-ல் ஒரு கட்டுரை வந்தது. அழுத்தம் குறைந்தால் பூரணம் உள்ளே உறிஞ்சப்பட்டுவிடும் என்பது சித்தாந்தம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சோதனையில் இருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். அளந்தது அழுத்தத்தை, வலி போச்சா என்பதை அல்ல.

விளம்பரங்களில் விண்வெளி வீரர்களையும் இழுத்துவருவார்கள். புவியீர்ப்பு இல்லாததால் அங்கே முதுகெலும்பு நீண்டு, உயரம் சில சென்டிமீட்டர் கூடுகிறது என்பது நிஜம். பூமிக்குத் திரும்பியபின் மற்றவர்களைவிட அவர்களுக்கு டிஸ்க் பிரச்னை அதிகம் வருகிறது என்பதும் நிஜம். இரண்டாவது நிஜம் நோட்டீஸில் அச்சாவதில்லை. சிவகாசியில் அச்சடித்தாலும் சரி!

நான் பி.காம். எனக்கு எலும்பு தெரியாது, வரவு செலவு தெரியும். எனவே ஆடிட் பண்ணிப் பார்த்தேன்.

நெதர்லாந்தில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 60 பேரை இரண்டு கோஷ்டியாகப் பிரித்தார்கள். ஒரு கோஷ்டியை மெஷின் நிஜமாகவே, உடல் எடையில் பாதி அளவுக்கு இழுத்தது. இன்னொரு கோஷ்டிக்கு அதே மேஜை, அதே பெல்ட். ஆனால் இழுப்பு பத்து கிலோவுக்கும் கம்மி, பேருக்கு! யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. இருபது சிட்டிங் முடிந்து, பதினான்காவது வாரம் பார்த்தால்... இரண்டு கோஷ்டிக்கும் வலி குறைந்திருந்தது. வித்தியாசம்தான் இல்லை. 2009-ல் வெளியான முடிவு இது. இடுப்பு டிராக்‌ஷன் பற்றிய 32 ஆய்வுகளை, மொத்தம் 2,762 நோயாளிகளை, ஒன்றுசேர்த்து அலசிய காக்ரேன் அறிக்கை 2013-ல் வந்தது. இழுப்பதால் பெரிய லாபம் இல்லை என்பதே அதன் தீர்ப்பு.

எதிர்க்கட்சியையும் கேட்கவேண்டுமல்லவா? லாகூரில் 60 பேரை வைத்து நடந்த, 2022-ல் வெளியான ஆய்வில், பிசியோதெரபியோடு மெஷினையும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. ஆனால் அங்கே டம்மி இழுப்பு கிடையாது. கழுத்து டிஸ்க்கால் கை மரத்து வலிப்பவர்களுக்கு, உடற்பயிற்சியோடு டிராக்‌ஷனும் சேர்ந்தால் பலன் உண்டு என்று 2014-ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. ஆக, மெஷின் மோசடி என்று நான் சொல்லவில்லை. முழுக்கச் செலவு எழுதுகிற அளவுக்கு வரவு நிரூபணமாகவில்லை, அவ்வளவுதான்.

"அப்புறம் எப்படிய்யா என் மச்சானுக்கு இருபது சிட்டிங்கில் சரியாச்சு?" என்று கேட்பீர்கள்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. பிதுங்கிய பூரணத்தை எறும்பு தின்பதுபோல, வெளியே வந்த டிஸ்க் துண்டை நம் உடம்பின் செல்களே தின்றுவிடுகின்றன. பெரிதாகப் பிய்ந்து வந்த துண்டுதான் கரைய வாய்ப்பு அதிகம் என்பது ஆச்சரியமான சங்கதி. பெரும்பாலோருக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் வலி நன்றாகவே குறைந்துவிடும். நெதர்லாந்துக்காரர்களே 2007-ல் இன்னொன்று வெளியிட்டார்கள். கடுமையான கால்வலியோடு வந்த 283 பேரில் பாதிப் பேருக்கு உடனே ஆபரேஷன். மீதிப் பேருக்கு, பொறுத்திருந்து தேவைப்பட்டால் மட்டும். உடனே செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் போனது. பொறுத்திருந்தவர்களிலும் பத்துக்கு நான்கு பேர் பிறகு கத்திக்குப் போகவேண்டி வந்தது. ஒரு வருஷம் கழித்து இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள்.

இப்போது மச்சானின் கணக்கைப் பாருங்கள். வலி உச்சத்தில் இருந்தபோது போனார். இருபது சிட்டிங்குக்கு ஆறு வாரம் ஆனது. காலம் செய்த வேலையை மெஷின் லெட்ஜரில் வரவு வைத்துவிட்டார்! சிட்டிங் ஆயிரம் ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் இருபதாயிரம். தீபாவளி போனஸ் அங்கேயே சரி.

ஸ்கேன் பிலிமைப் பார்த்தும் மிரளவேண்டாம். முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்த ஆய்வுகளை 2015-ல் தொகுத்துப் பார்த்தார்கள். இருபது வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் வீங்கியிருந்தது. எண்பது வயதில் 84 சதவீதம். முடி நரைப்பது மாதிரி.

சரி, சும்மா படுத்துக்கொள்ளலாமா என்றால் அதுவும் கூடாது. ஹெல்சின்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரை வைத்துச் செய்த ஆய்வு 1995-ல் வந்தது. திடீர் இடுப்புவலிக்குப் படுக்கையில் ஓய்வெடுத்தவர்களைவிட, முடிந்த அளவு வழக்கமான வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களே சீக்கிரம் தேறினார்கள். அரை மணிக்கு ஒருதரம் எழுந்து நடங்கள். மானேஜர் முறைத்தால் ஹெல்சின்கி என்று சொல்லுங்கள்! வலி அடங்கியதும் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சி. 2021-ல் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இலவசமாகப் பிசியோதெரபி செய்கிற ஏற்பாடும் உண்டு.

நாற்காலிக்காரருக்கு இது போதும். மூட்டைக்காரருக்கு? "ஆறு வாரம் பொறுக்கச் சொல்லுதீக... ஆறு வாரத்துக்கு அரிசி யாரு போடுவா?" என்று மண்டி வாசலில் ஒரு அண்ணாச்சி என்னைக் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. ஒரு ஆள் தூக்குகிற சுமை 55 கிலோவைத் தாண்டக்கூடாது என்று உலகத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. அந்தத் தாள் எந்த மூட்டையையும் லேசாக்கவில்லை.

ஆனால் பட்டாசு ஆலை, அச்சகம், ஆபீஸ் என்று இ.எஸ்.ஐ. பிடித்தம் போகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. 2017-ல் நிர்ணயித்த 21,000 ரூபாய் சம்பள வரம்புக்குள் வருகிற ஊழியர், போதுமான நாள் சந்தா கட்டியிருந்தால், இ.எஸ்.ஐ. டாக்டர் சர்ட்டிபிகேட்டோடு வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாக வாங்கலாம். சிவகாசியிலேயே இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. மாதாமாதம் பிடிக்கிற காசு சார் அது. டீக்கடையில் எல்-4, எல்-5 பேசுகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த எழுபதும் தொண்ணூற்றொன்றும் தெரியவில்லை.

பொறுக்கவே கூடாத ஆட்களும் உண்டு. சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமலே கழிந்தாலோ, சைக்கிள் சீட்டில் படுகிற இடம் முழுக்க மரத்துப்போனாலோ, பாதம் தூக்க முடியாமல் செருப்பு நழுவினாலோ, அது நரம்புக் கற்றையே நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம். அதற்கு மெஷினும் கிடையாது, மிதியும் கிடையாது. அவசர ஆபரேஷன்தான் தேவைப்படும். தாமதித்தால் திரும்பாது. எலும்பு மெலிந்தவர்கள், முதுகில் முறிவோ புற்றுநோயோ தொற்றோ உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இவர்களையும் இழுக்கக்கூடாது. 'காலையில் பார்த்துக்கலாம்' என்று படுத்துவிடாமல், ராத்திரி பதினொரு மணியானாலும் 108-ஐக் கூப்பிட்டு, விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ மதுரை பெரியாஸ்பத்திரியோ போய்ச் சேருங்கள். போனதும் முதலில் சொல்லவேண்டியது இடுப்புவலியை அல்ல, சிறுநீர் விஷயத்தை.