கூம்பைப் பிடித்தால் ஐந்தும் அடங்கும்

சி.என்.சி. மில்லிங் இயந்திரங்களின் விளம்பரங்களில் 'மைக்ரான் துல்லியம்' தாராளமாகப் புழங்கினாலும், அந்தத் துல்லியம் எங்கிருந்து அளக்கப்படுகிறது என்பதை அவை சொல்வதில்லை. அளவுகள் தொடங்கும் அந்த ஆதாரத்தைப் பொறியியல் வரைபடம் டேட்டம் என்கிறது. வெட்டுகருவியைத் தாங்கும் பிடிப்பான்களில் இப்பொறுப்பு கூம்பின் தலையில், அதாவது பட்டறையார் டேப்பர் என்னும் சரிவின் தலையில் விழுகிறது.

ஒரு பொருளுக்கு உள்ள ஆறு அசைவுகளில் (மூன்று நகர்வுகள், மூன்று சுழற்சிகள்) உருளை நான்கைத் தடுத்து, அச்சின் வழியே நழுவுவதையும் அச்சைச் சுற்றுவதையும் விட்டுவிடுகிறது. கூம்பிலோ ஒவ்வொரு விட்டமும் ஓரிடத்தில்தான் அமைவதால் நழுவலும் நின்றுபோக, சுழற்சி ஒன்றே மிஞ்சுகிறது.

காகிதத்தில் இது அழகு. உலோகத்தில் இதற்கு விலை உண்டு. ஏறத்தாழ 1:20 சரிவுள்ள மோர்ஸ் டேப்பரில் விட்டம் 0.01 மி.மீ. பெருத்தால் கருவி 0.2 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். சி.என்.சி. பிடிப்பான்களில் வழங்கும் 7:24 சரிவில் அதே பிழை 0.034 மி.மீ. ஆகிறது. நடுவைக் கச்சிதமாகக் காட்டும் கூம்பு, ஆழத்தைச் சொல்லும்போது பிழையைப் பெருக்கியே சொல்கிறது. ஒரே கடையில் வாங்கிய எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் ஒன்று விளிம்புவரை இறங்க, மற்றொன்று பாதியில் நிற்பதும் இதனால்தான். சிக்கிய டம்ளரை எடுக்க வெளி டம்ளரை வெந்நீரில் வைக்கும் உத்திகூட இங்கே எதிர்முகமாக வேலை செய்கிறது, ஏனெனில் அதிவேகச் சுழற்சியில் பிடிப்பானை ஏந்திச் சுழலும் தண்டான ஸ்பிண்டிலின் வாய் விரியும்போது உள்ளிருந்து இழுக்கப்படும் 7:24 பிடிப்பான் இன்னும் சற்று உள்ளே போய்விடுகிறது.

வரலாற்றுக்கு இரண்டு பெயர்கள் போதும்: 1860களில் சரிவுக்குத் தன் பெயரைத் தந்த அமெரிக்கர் ஸ்டீபன் மோர்ஸ், 1930களின் இறுதியில் ஸ்காட்லாந்து டார்பிடோ தொழிற்சாலையொன்றிலிருந்து இன்றைய டாலரன்ஸ் (அனுமதிக்கும் பிழை வரம்பு) முறைக்கு வித்திட்டவராகக் கருதப்படும் ஸ்டான்லி பார்க்கர்.

விட்டம் பிசகுவதைவிடக் கோணம் பிசகினால் நிலைமை இன்னும் மோசம். கூம்பின்மேல் நீலச்சாயத்தை மெல்லியதாகத் தடவி, அளவியில் செருகி லேசாகத் திருகி எடுக்கும்போது, அளவியின் பெரிய முனையில் மட்டும் சாயம் ஒட்டியிருந்தால் கூம்பின் சிறிய முனை அந்தரத்தில் ஆடுகிறது என்று பொருள். அப்போது அச்சு எங்கே என்று கேட்பதே வீண்.

வரைபடத்தில் கூம்பை முதல் டேட்டமாகவும் பிடிப்பானின் தட்டைமுகத்தை இரண்டாவதாகவும் குறித்தால், அச்சுவழி நழுவலைக் கூம்பே பிடித்துக்கொள்வதால் முகத்திற்கு வேலையில்லாமல் போகிறது. எனவே அமெரிக்கத் தரநிலையான ஒய்14.5, தன் 2009 பதிப்பில், எந்த டேட்டம் எந்த அசைவைத் தடுக்கும் என்பதைச் சதுர அடைப்புக்குள் எழுத வழிவகுத்தது. கூம்புக்கு எக்ஸ், ஒய் என்னும் பக்கவாட்டு நகர்வுகளையும் யூ, வி என்னும் சாய்வுச் சுழற்சிகளையும் எழுதி, அச்சுவழி நகர்வான இசட்டை முகத்திடம் ஒப்படைக்கலாம்.

ஜெர்மனியில் 1990களில் தரநிலையான எச்.எஸ்.கே. பிடிப்பானோ கூம்பும் முகமும் ஒருங்கே படிவதாகக் கூறுகிறது. விறைப்பான கூம்பில் இதற்கு இடமே இல்லை. உள்ளே குடைந்து மெல்லியதாக்கிய 1:10 சுவர், இழுவிசையில் மைக்ரான் கணக்கில் நெளிந்துகொடுப்பதால்தான் முகம் வந்து படிகிறது.