தூக்கத்தில் மூளை மூச்சை நிறுத்தினால்

குறட்டையோடு வரும் மூச்சுத்தடை பலருக்கும் தெரிந்தது. தொண்டைத் தசை தளர்ந்து காற்றுப்பாதை அடைபடும். நெஞ்சு மூச்சுக்குப் போராடும். மைய மூச்சுத்தடை வேறு. பாதை திறந்தே இருக்கும், ஆனால் மூச்சு இழுக்கச் சொல்லும் கட்டளை மூளையிலிருந்து வராது. பத்து விநாடிக்கும் மேல் நெஞ்சும் வயிறும் அசையாமல் கிடக்கும். இதயச் செயலிழப்பு, பக்கவாதம், மார்ஃபின் வகை வலிமருந்துகள், உயரமான மலைப்பகுதி ஆகியவை முக்கியக் காரணங்கள்.

தூங்கும்போது நம் மூச்சை நடத்துவது பெரும்பாலும் ரத்தத்தில் உள்ள கரியமில வாயுதான். அது ஓர் எல்லைக்குக் கீழே போனால் மூச்சு நிற்கும். நின்றதும் வாயு சேரும். உடனே மூளை வேகவேகமாக மூச்சு வாங்க வைக்கும். வாயு மறுபடி குறையும், மூச்சு மறுபடி நிற்கும். விடிய விடிய இதே சுற்று.

முகமூடி வழியே அழுத்தக் காற்று தரும் சிபாப் கருவி தொண்டையைத் திறந்து வைக்கும். ஆனால் இந்தச் சுற்றை அதனால் பல நேரம் உடைக்க முடிவதில்லை. சிலருக்குக் கருவியைத் தொடங்கிய பிறகே மையத்தடை தலைகாட்டுகிறது. இங்கேதான் மருந்தின் துணை தேவைப்படுகிறது.

லே, கயிலாயம் போகிறவர்கள் கையோடு எடுத்துச் செல்லும் டயமாக்ஸ் மாத்திரை, அதாவது அசிட்டசோலமைடு, சிறுநீர் வழியே பைகார்பனேட்டை வெளியேற்றி ரத்தத்தைச் சற்றே அமிலமாக்கும். அதனால் மூச்சு நிற்கும் எல்லை இன்னும் கீழே இறங்கும். எளிதில் அதைத் தொட முடியாது.

தாழ்நிலத்தில் வசிக்கும், தொண்டை அடைப்பு வகை மூச்சுத்தடை உள்ள 51 பேரை சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் மலைக்கு அழைத்துப்போய்ச் சோதித்தார்கள். உயரத்தில் இவர்களுக்கு மையத்தடையும் சேர்ந்துகொள்ளும். 2012இல் வெளியான முடிவு இது: 2,590 மீட்டர் உயரத்தில், தானாக அழுத்தத்தை மாற்றும் சிபாப் மட்டும் போட்ட இரவில் மணிக்குச் சுமார் 19 தடைகள். மாத்திரையும் சேர்ந்தபோது சுமார் 7. ரத்தத்தில் ஆக்சிஜனும் கூடியது. சில இரவுகளில் செய்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் இரண்டும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதைத் தெளிவாகக் காட்டியது.

இது எல்லோருக்கும் பொதுவான வைத்தியம் அல்ல. மாத்திரையால் விரல் மரத்துப்போகலாம், பொட்டாசியம் குறையலாம், சிறுநீரகக் கல் வரலாம். கருவியிலும் கவனம் வேண்டும்: மூச்சுக்கு மூச்சு அழுத்தத்தை மாற்றும் ஏஎஸ்வி கருவி, இதயத்தின் பம்ப் திறன் 45 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருந்த செயலிழப்பு நோயாளிகளிடம் மரணத்தை அதிகரித்ததை 2015இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆகவே எந்த வகைத் தடை என்பதை இரவுத் தூக்கப் பரிசோதனையில் உறுதி செய்துகொள்ளுங்கள். இதய நோய், வலிமருந்து, சல்ஃபா மருந்து ஒவ்வாமை எது இருந்தாலும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.