முந்துவதும் மோதுவதும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் இளைஞர் பலர் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தைக் கண்கொட்டாமல் பார்ப்பதைப் பெரியோர் அறிவர். “இவன் அவனை இடித்துத் தள்ளிவிட்டானே, கேட்பார் இல்லையா?” என்று பக்கத்தில் அமர்ந்த பாட்டி வினவினால், அக்கேள்வி அற்பமானதன்று. உலகப் பந்தயக் களத்தின் நடுவர்கள் பல்லாண்டுகளாக விடை தேடித் திணறும் கேள்வி அதுவே.

இருப்புப்பாதையில் எந்த வண்டி எதனை முந்துவது என்பதைக் கட்டுப்பாட்டு அலுவலகம் தீர்மானிக்கிறது. பந்தயப் பாதையிலோ ஓட்டுபவனே தீர்மானிக்கிறான். வளைவில் பிரேக்கைத் தாமதித்துப் பிடித்து, உட்புறமாக நுழைந்து, எதிராளியின் வழியை அடைப்பது குற்றமாகாது. ஆட்டத்தின் உயிரே அதுதான். பிறருக்கு அபாயம் விளையாதவாறு பொறுப்புடன் ஓட்டவேண்டும் என்கிறது விதி. பொறுப்பு எங்கே முடிந்து முரட்டுத்தனம் எங்கே தொடங்குகிறது என்று அளக்க முழக்கோல் ஏதுமில்லை.

தமிழர் நிறைந்து வாழும் மலேசியாவில், செப்பாங் பந்தயத் திடலில், 2015 அக்டோபர் 25ஆம் நாள் நிகழ்ந்தது பிரசித்தமானது. இத்தாலியரான வாலண்டினோ ரோஸ்ஸியும் ஸ்பெயின் நாட்டு மார்க் மார்க்கேஸும் மூன்றாம் இடத்துக்காகப் பல சுற்றுகள் மாறிமாறி முந்தினர். ஏழாம் சுற்றில், 14ஆம் வளைவில், ரோஸ்ஸி வேகத்தைத் தளர்த்தி மார்க்கேஸைப் பாதையின் வெளியோரத்துக்கு ஒதுக்கினார். வண்டிகள் உரசின, மார்க்கேஸ் விழுந்தார். மார்க்கேஸ் வேண்டுமென்றே ரோஸ்ஸியைத் தாமதப்படுத்தினார் என்றே பந்தய நிர்வாகமும் கருதியது. ஆயினும் அவர் விதியை மீறவில்லை, மீறியவர் ரோஸ்ஸி. மூன்று தண்டனைப் புள்ளிகள் விதித்தனர். முன்பே ஒன்று இருந்தமையால் நான்காயிற்று. அடுத்த பந்தயத்தில் கடைசி வரிசையிலிருந்து புறப்படவேண்டும் என்பது அதன் பொருள். லோசான் நகரத்து விளையாட்டு நடுவர் நீதிமன்றம் வரை சென்று தடையாணை கேட்டார்; கிடைக்கவில்லை. வலென்சியாவில் 26ஆம் இடத்திலிருந்து புறப்பட்டு நான்காவதாக வந்தார். உலகப் பட்டம் ஐந்து புள்ளி வித்தியாசத்தில் யோர்கே லோரென்சோவுக்குப் போயிற்று.

தண்டனை கடுமையானதா என்று பலர் வாதித்தனர். எனக்கு உறுத்துவது வேறு. குற்றம் நடந்த பந்தயத்தில் ரோஸ்ஸி பெற்ற மூன்றாம் இடமும் அதற்குரிய 16 புள்ளிகளும் அப்படியே நின்றன. விழுந்தவருக்கு ஒன்றுமில்லை. தவறு ஓரிடத்திலும் தண்டனை வேறோரிடத்திலும் விழுந்தால் வழக்கு வளராமல் என்ன செய்யும்?

மறுவருஷமே, பந்தயத்தை நடத்துவோர் வேறு, தண்டனை விதிக்கும் ஸ்டீவார்டுகள் வேறு என்று பிரித்தனர். 2018இல் அர்ஜென்டினாவில் அதே மார்க்கேஸ் ரோஸ்ஸியை இடித்து வீழ்த்தினார். அவருடைய நேரத்தில் 30 விநாடி அன்றே கூட்டப்பட, ஐந்தாவதாக வந்தவர் பதினெட்டாவதானார். 2019இல் ‘லாங் லாப்’ என்னும் தண்டனை வந்தது. ஒரு வளைவின் வெளிப்புறத்தில் கோடிட்ட நீண்ட வழியாகச் சுற்றிவரச் செய்து சில விநாடிகளைப் பறிப்பர். பாகாலா வழியாகப் பயணம் செய்த அன்பர்கள், எதிர் வண்டிக்கு வழிவிட்டு லூப் லைனில் காத்திருந்த நேரத்தை நினைத்துக்கொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்த தண்டனை இதுவே. கணக்கு அன்றைக்கே தீர்ந்துவிடுகிறது.

ஆயினும் ஆணையின் வாசகம் பிழைத்தால் நல்ல தண்டனையும் நிற்பதில்லை. 2023 மார்ச்சில் போர்ச்சுகலில் மார்க்கேஸ் மிகேல் ஒலிவேராவை மோதி வீழ்த்தினார். அடுத்து வரும் அர்ஜென்டினா பந்தயத்தில் இருமுறை லாங் லாப் என்று எழுதினர். காயமடைந்த மார்க்கேஸ் அர்ஜென்டினாவுக்கே செல்லவில்லை. உடனே, அவர் எந்தப் பந்தயத்துக்குத் திரும்புகிறாரோ அங்கே என்று ஆணையைத் திருத்தினர். மேல்முறையீட்டில், மே மாதத்தில், தண்டனை முழுவதும் ரத்தாயிற்று. கையொப்பமிட்ட ஆணையைப் பின்னர் திருத்தினால் என்னவாகும் என்பது எங்கள் அலுவலகத்தில் நேற்றுச் சேர்ந்த குமாஸ்தாவுக்கும் தெரியும்!

இவையெல்லாம் பட்டத்தையும் பணத்தையும் பற்றியன. சிறுவர் பந்தயங்களில் உயிரே பணயமாகிறது. 2021 செப்டம்பரில் ஸ்பெயினில் 15 வயதுப் பையன் ஒருவன் பந்தயத்தில் மாண்டான். எட்டே நாள் கழித்து அமெரிக்காவில், மோட்டோ 3 பந்தயத்தில், துருக்கியரான டெனிஸ் ஒன்ஜூ நேர்ப்பாதையில் குறுக்கே விலக, பின்வந்தோர் சிதறி விழுந்தனர். தெய்வாதீனமாக எவரும் சாகவில்லை. இரண்டு பந்தயங்களுக்கு அவரை நீக்கினர். பின்னர் வயது வரம்பையும் உயர்த்தினர்.

நமக்கு அருகிலுள்ள களம், ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை. சோழவரத்து விமான ஓடுபாதையில் பந்தயம் நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் 1990இல் அங்கே அமைத்த திடல் அது. சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். 2023 ஆகஸ்டில் பெங்களூரிலிருந்து வந்த 13 வயதுச் சிறுவன் அங்கே பந்தயத்தில் விழுந்து இறந்தான். அது முரட்டு முந்தலால் நேர்ந்ததென்று நான் கூறவில்லை. ஆனால் ஒருவன் விழுந்தபின், பின்னே வருகிறவர்கள் செய்யவேண்டியது யாது என்பதைச் சொல்வது மஞ்சள் கொடி. மகனை அங்கே சேர்க்க விரும்பும் பெற்றோர், வண்டியின் விலையை விசாரிக்குமுன் அக்கொடியின் பொருளை அவனிடம் கேட்டறிக. அது அசையும் இடத்தில் எவரும் எவரையும் முந்துதல் கூடாது.