காதுல கதை, காலடியில காடு... இங்கிலாந்தின் டீன் வனத்தில் ஓர் ஆடியோ நடை!

காட்டுக்கு ட்ரிப் போனா என்ன செய்வோம்? நாலு செல்ஃபி, ஒரு ரீல்ஸ், 'செம க்ரீனரி' என்று ஒரு ஸ்டேட்டஸ். அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களைப் பற்றி ஒரு வரிகூடத் தெரியாமலே திரும்பி வந்துடுவோம்.

இதற்காக வந்ததுதான் ஆடியோ நடை. இயர்போனை மாட்டிக்கொண்டு நடக்க வேண்டியது மட்டும்தான் உங்க வேலை. ஒரு குளக்கரையையோ, பழைய சுரங்க வாசலையோ நெருங்கினால், ஜி.பி.எஸ் மூலம் ஆப் அதைத் தெரிந்துகொண்டு, அந்த இடத்துக்கான குரலைத் தானாகவே ஒலிக்கவிடும். கனடா கலைஞர் ஜேனட் கார்டிஃப் 1991-லேயே வாக்மேனை வைத்து முதல் ஆடியோ நடையை உருவாக்கிவிட்டார். பான்ஃப் நகரில் அவர் செய்த அதன் பெயரே 'ஃபாரஸ்ட் வாக்'தான்!

குரல் யாருடையது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கணீரென்ற அறிவிப்பாளர் குரலில் 'இவ்வனம் வரலாற்றுச் சிறப்புமிக்கது' என்று கேட்டால் ரெண்டாவது நிமிஷமே பாட்டுக்கு மாறிடுவீங்க. அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தாத்தா, நடுநடுவே இருமிக்கொண்டு பேசினால்? நின்று கேட்பீங்க.

இப்படிக் கேட்கவே படைத்தது போன்ற ஒரு காடு, இங்கிலாந்தில் வேல்ஸ் எல்லையை ஒட்டி, செவர்ன், வை ஆறுகளுக்கு நடுவே இருக்கும் 'ஃபாரஸ்ட் ஆஃப் டீன்'. 'ஸ்டார் வார்ஸ்: தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' படத்தில் வரும் பாசி படிந்த காடு நினைவிருக்கா? அதன் காட்சிகள் இங்கே பசில்வுட் என்ற இடத்தில் எடுத்தவை. ஆனால், அந்த விநோதப் பாறைப் பள்ளங்கள் பழங்காலத்தில் இரும்புத்தாது தோண்டிய இடங்கள் என்பதைப் படம் சொல்லாது.

நியூ ஃபேன்ஸி என்று ஒரு வியூ பாயின்ட். மேலே ஏறினால் கண்ணுக்கு எட்டிய தூரம் மரம்தான். நீங்க நிற்கிற மேடு மலை இல்லை. 1944-ல் மூடிய நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவுக் குவியல். இதை போர்டில் எழுதி வைக்கலாம். கீழே இருட்டில் குனிந்தே வேலை பார்த்தவர், 'ஹவ் பிஸ்ட், ஓல்டு பட்டி?' என்று ஆரம்பித்துச் சொல்வது வேற லெவல். 'எப்படிடா இருக்க மச்சி?' என்பதற்கு டீன் பாஷை அது. 'பட்டி' என்றால் நண்பன். சுரங்கத்தில் கூடவே வேலை பார்த்த கூட்டாளிக்கு வழங்கிய சொல்.

இங்கே இன்னொரு கதை, கொஞ்சம் கசப்பானது. 1889 ஏப்ரலில் நாலு பிரெஞ்சுக்காரர்கள் ரெண்டு கரடிகளை வைத்து வித்தை காட்டிக்கொண்டு வந்தார்கள். கரடி ஒரு குழந்தையைக் கொன்றுவிட்டதாக வதந்தி பரவியது. வாட்ஸ்அப் இல்லாத காலத்திலும் வதந்திக்குக் கால் முளைத்தது! கும்பல் துரத்திப்போய் கரடிகளைக் கொன்றது. கூட வந்தவர்களையும் அடித்தது. நீதிமன்றத்தில் அபராதம் கட்டியவர்கள் சிண்டர்ஃபோர்டு ஊர்க்காரர்கள் என்பார்கள். 'கரடியைக் கொன்றது யாரு?' என்ற கிண்டல் மட்டும் சம்பவம் முடிந்த ருவார்டீன் ஊர்க்காரர்கள் தலையில் விழுந்தது. இந்தக் கதையை ருவார்டீன் தெருவில் நின்று, ருவார்டீன்காரர் வாயாலேயே கேட்பதுதான் நியாயம், இல்லையா?

உள்ளூர்க்காரர்களுக்கு இந்தக் காடு வேடிக்கை பார்க்கும் இடம் கிடையாது. அரசாங்கம் ஏற்கெனவே வேலி போட்டு அடைத்து வைத்திருந்த இடங்களில், 1831-ல் வாரன் ஜேம்ஸ் என்ற சுரங்கத் தொழிலாளியின் தலைமையில் 2,000-க்கும் மேற்பட்டவர்கள் வேலியைப் பிடுங்கி எறிந்தார்கள். அவர் டாஸ்மேனியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். 2011-ல் அரசுக் காடுகளை விற்கும் திட்டம் வந்தபோதும் இதே மக்கள் பனிக்குளிரில் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். பிப்ரவரியிலேயே அரசு பின்வாங்கியது.

'ஃப்ரீமைனர்' என்ற உரிமையும் இருக்கிறது. செயின்ட் பிரெவல்ஸ் ஹன்ட்ரட் என்ற எல்லைக்குள் பிறந்து, 21 வயது தாண்டி, ஒரு வருஷமும் ஒரு நாளும் அங்குள்ள சுரங்கத்தில் வேலை பார்த்தவர், தன் பெயரில் சுரங்கம் தோண்ட அனுமதி கேட்கலாம். 1838-ல் சட்டமாகவே எழுதியது. 2010-ல் முதல் முறையாக ஒரு பெண்ணும் இந்தப் பட்டியலில் சேர்ந்தார். சிக்கல் எங்கே தெரியுமா? உள்ளூர் பிரசவ வார்டை மூடிவிட்டார்கள். குழந்தைகள் பெரும்பாலும் எல்லைக்கு வெளியே இருக்கும் மருத்துவமனைகளில் பிறக்கின்றன. வீட்டிலேயே பிரசவம் ஆனால்தான் உண்டு. கடைசிப் பெரிய சுரங்கமான நார்தர்ன் யுனைடெட் மூடியது 1965 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். அங்கே வேலை பார்த்தவர்களில் இளையவருக்கே இன்று வயது 75-க்கு மேல் இருக்கும். அவங்க குரலைப் பதிவு செய்ய இனி அதிக வருஷங்கள் இல்லை.

சரி, இப்படி ஒரு நடைக்குக் கிளம்பும் முன் சில விஷயங்கள். ஆடியோவை வீட்டு வைஃபையிலேயே டவுன்லோடு செய்துடுங்க, ஜி.பி.எஸ்ஸுக்கு டேட்டா தேவையில்லை, ஆடியோவுக்குத் தேவை. திறந்த வெளியில் போன் உங்க இடத்தை சுமார் 5 மீட்டர் துல்லியத்தில் காட்டும். அடர்ந்த மரத்தடியில் தடுமாறும். அதனால், குரல் கொஞ்சம் முன்னே பின்னே வந்தால் பதறாதீங்க, பத்தடி நகர்ந்து பாருங்க. பவர் பேங்க் கட்டாயம். முக்கியமா, நாய்ஸ் கேன்சலிங்கை ஆஃப் பண்ணிடுங்க, முடிந்தால் ஒரு காதில் மட்டும் மாட்டுங்க. பின்னால் சைக்கிள்காரர் மணி அடிப்பார்... டீனில் காட்டுப்பன்றிகளும் தாராளமா சுத்துது பாஸ்!