டேங்க் நிறைஞ்சும் மோட்டார் நிக்கலையா?

நமக்கு ஏரியா கொடுங்கையூர். பேரைச் சொன்னதும் கிளாஸ்ல பாதிப் பேர் மூக்கைப் பொத்துவாங்க. குப்பை மேடு அவ்ளோ ஃபேமஸ்! ஆனா சின்ன வயசுல என் பயமெல்லாம் ராத்திரி பத்து மணிக்குத் திறக்கிற எங்க வீட்டு இரும்பு கேட்தான். அப்பா எந்த 'மூடு'ல வர்றார்னு அந்தச் சத்தத்துலயே தெரிஞ்சுடும். அவர் குடியை விட்டு ஆறு வருஷமாச்சு. இன்னிக்கும் ஹாஸ்டல்ல யாராவது கதவை அறைஞ்சு சாத்தினா, எனக்கு உள்ளங்கை வேர்க்குது.

ஏன்? மொட்டை மாடி டேங்க்கை நினைச்சுக்கோங்க. தண்ணி நிறைஞ்சதும் ஃப்ளோட் ஸ்விட்ச் மோட்டாரை நிறுத்திடும். உடம்பும் அப்படித்தான். ஆபத்துன்னா மூளையில இருக்கிற ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்லும். பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பிக்குச் சொல்லும். ரத்தத்துல கார்ட்டிசால் ஏறும். ஏறின கார்ட்டிசாலே மூளைக்குத் திரும்பப் போய், 'போதும்பா, நிறுத்து'ன்னு சொல்லும். நம்ம கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல வர்ற அதே நெகடிவ் ஃபீட்பேக்! தினம் தினம் பயந்தே வளர்ற குழந்தைக்கு இந்த ஃப்ளோட் கோளாறாகலாம். சிலருக்கு மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும். சிலருக்கு, தேவைப்படும்போதும் ஓடாது.

2004-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்துல மைக்கேல் மீனி குழு இதை எலிகள்கிட்ட பார்த்துச்சு. தாய் அதிகம் நக்கிக் கொடுக்காத குட்டிகளுக்கு, ஸ்ட்ரெஸ் ஹார்மோனை உணர்ற ரிசப்டர் மூளையில குறைவு. அந்த ஜீன் மேலயே ரசாயன முத்திரை! அதே குட்டியைப் பாசமான தாய்கிட்ட விட்டா? முத்திரை மாறிடுச்சு. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

மனுஷங்க கதை 1998-ல் வந்த அமெரிக்க ஆய்வு. ஃபெலிட்டி, ஆண்டா ரெண்டு டாக்டர்களும் குழுவோட செஞ்சது. அடி, அவமானம், வீட்டுல குடின்னு நாலோ அதுக்கு மேலயோ வகைகளை அனுபவிச்சவங்களுக்கு, எதுவுமே அனுபவிக்காதவங்களைவிட மன அழுத்தம், போதை, தற்கொலை முயற்சி ரிஸ்க் 4 முதல் 12 மடங்கு. இந்தியாவுல? 13 மாநிலங்கள்ல எடுத்து 2007-ல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வுப்படி, மூணுல ரெண்டு குழந்தைங்க அடி வாங்குறாங்க. (நாம அதுக்கு 'வளர்ப்பு'ன்னு பேர் வெச்சிருக்கோம்!)

நான் எண்ணிப் பார்த்தேன். எனக்கு மூணு. பதறாதீங்க, ஸ்கோர் ஒண்ணும் ஜாதகம் இல்ல. தனி ஆளோட எதிர்காலத்தை அதை வெச்சுச் சொல்லக் கூடாதுன்னு ஆண்டாவே 2020-ல் எழுதியிருக்கார். கூடவே ஒரு பெரியவங்க துணை இருந்தாலே பாதிப்பு குறையுது. எனக்கு எங்க ஆயா. கேட் சத்தம் கேட்டா, என்னை இழுத்துட்டுப் போய்ப் பக்கத்து வீட்டு டி.வி. முன்னாடி உட்கார வெச்சுடும்.

டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் இலவசமா தமிழ்லயே பேசலாம். நான் போனது காலேஜ் கவுன்சிலர்கிட்ட. வாசல்ல நின்னப்போ டிபார்ட்மென்ட் பையன் ஒருத்தன் பார்த்துட்டான். போச்சுடா, நாளைக்கு கேன்டீன் முழுக்க நம்ம கதைதான்னு நினைச்சேன். மறுநாள் தனியா வந்து கேட்டான்: "மச்சி, அவங்க என்னிக்கெல்லாம் இருப்பாங்க?"