பறக்கும்போது பேசலாமா?

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் இயங்கிய மிளகுச் சந்தைக் கூடத்தை நம் மூத்த வாடிக்கையாளர்கள் பலர் நினைவில் வைத்திருப்பர். 1957-ஆம் ஆண்டு தொடங்கி அங்கே முன்பேர வாணிகம் நடைபெற்றது. தரகர்கள் தொலைபேசியைக் காதில் பற்றிக்கொண்டு, ஒருவர் குரலை மற்றவர் குரல் விழுங்கும்படி விலை கூவுவர். கணினி வந்தபின் அந்த ஆரவாரம் அடங்கிப்போயிற்று. அந்தக் கூச்சலில் அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. பொறுக்காதவர் எழுந்து தெருவுக்கு வந்து காற்று வாங்கலாம். நெடும்பாசேரியிலிருந்து துபாய்க்குப் பறக்கும் விமானத்தில் நூற்றெண்பது பேர் நான்கு மணி நேரம் அமர்ந்திருக்கும்போது அந்த வசதி எவருக்கும் இல்லை. அங்கே கைபேசியில் பேச அனுமதிக்கலாமா, கூடாதா என்ற வினா உலகெங்கும் பல ஆண்டுகளாக எழுந்து வருகிறது. வளைகுடா நாடுகளில் உறவினர் இல்லாத வீட்டைக் கொச்சியில் தேடித்தான் காண வேண்டும் என்பதால், நமக்கு இது வெறும் பொழுதுபோக்கு வினா அன்று.

தடைக்கான காரணத்தைக் கேட்டால் பெரும்பாலோர், “விமானத்தின் கருவிகள் குழம்பிவிடும்” என்பர். அது பாதி விடையே. 1991-இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் பறக்கும் விமானத்தில் கைபேசிக்குத் தடை விதித்தபோது அது முதன்மையாகக் கவலைப்பட்டது விமானத்தைப் பற்றியன்று; தரையில் நிற்கும் கோபுரங்களைப் பற்றி. தரையில் இருக்கும் கைபேசியின் அலை, கட்டடங்களும் மரங்களும் மறைப்பதால், அருகிலுள்ள சில கோபுரங்களை மட்டுமே எட்டும். ஏறத்தாழ 10,700 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கோ தொடுவானம் 370 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கொச்சிக்கு நேர் மேலே ஒரு கைபேசியை இயக்கினால் திருவனந்தபுரம், கோயம்புத்தூர், மதுரை, திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்களின் கோபுரங்கள் யாவும் கொள்கையளவில் அதன் நேர்ப்பார்வைக்குள் அடங்கிவிடும். விமானம் நிமிடத்துக்குப் பதினைந்து கிலோமீட்டர் வீதம் விரைவதால் எந்தக் கோபுரத்திடமும் அது நிலைத்து நிற்பதில்லை. நூறு கைபேசிகள் ஒரே நேரத்தில் இவ்வாறு தேடி அலைந்தால் தரையில் பேசிக்கொண்டிருப்போரின் இணைப்புகளும் இடர்ப்படும். பேச முயல்பவருக்கும் பயன் கிட்டாது. கோபுரங்களின் அலைவாங்கிகள் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பவை, விமானத்தின் உலோக உடலும் அலையைத் தடுக்கும்.

விமானக் கருவிகளைப் பற்றிய அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்றும் சொல்லிவிட முடியாது. பழைய வானொலிப் பெட்டியருகே கைபேசியை வைத்தால் அழைப்பு வருமுன் ஒரு கரகரப்பு எழுமே, அதே ஒலி விமானியின் காதொலிக் கருவியிலும் கேட்கக்கூடும். கட்டுப்பாட்டு அறையின் சொல் ஒவ்வொன்றும் இன்றியமையாததாகிய இறங்கும் வேளையில் அது வேண்டாத தொல்லை. எனினும் பயணிகளின் கைபேசியே காரணம் என்று ஐயமற நிறுவப்பட்ட பெரும் விபத்து எதுவும் இல்லை. இதையெல்லாம் எடைபோட்டே, 2014-ஆம் ஆண்டு நம் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், ஃபிளைட் மோட் நிலையில் வைத்த கருவிகளைப் பயணம் முழுவதும் பயன்படுத்த இசைவளித்தது. அதற்குமுன் விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் அவற்றை முற்றாக அணைத்துவைக்க வேண்டியிருந்தது.

பேசுவதற்கான தொழில்நுட்பத் தடையும் அதற்கு முன்பே நீங்கிவிட்டது. விமானத்துக்குள்ளேயே ஒரு சிறு கோபுரத்தை அமைத்துவிட்டால் கைபேசி தரையைத் தேட வேண்டியதில்லை. அருகிலிருக்கும் கோபுரத்துடன் மிகக் குறைந்த ஆற்றலில் அது பேசும். சிறு கோபுரம் அப்பேச்சைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும். உரக்கக் கூவுபவன் பக்கத்தில் ஆள் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வதைப் போன்றது இது. 2008 மார்ச்சு 20 அன்று துபாயிலிருந்து காசாபிளாங்கா சென்ற எமிரேட்ஸ் விமானத்தில் முறையான அனுமதியுடன் இத்தகைய அழைப்பு மேற்கொள்ளப்பட்டது. அதே ஆண்டில் ஐரோப்பிய ஆணையமும் 3,000 மீட்டருக்கு மேல் இச்சேவையை இயக்க வழிவகுத்தது. ஆகவே, நடுவானில் பேசிய அனுபவம் வளைகுடாப் பயணிகள் சிலருக்கு ஏற்கெனவே வாய்த்திருக்கலாம்.

இந்தியாவில் இந்தப் பேச்சு சூடுபிடித்தது 2018-இல்தான். அவ்வாண்டு சனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், விமானத்தில் இணையத்தையும் கைபேசிச் சேவையையும் அனுமதிக்கலாம் எனப் பரிந்துரைத்தது. திசம்பரில் அதற்கான விதிகள் அறிவிக்கை செய்யப்பட்டன. இந்திய வான்வெளியில் 3,000 மீட்டர் உயரத்தைத் தாண்டிய பின்னரே கைபேசிச் சேவை என்பது அவற்றின் சாரம். 2024 நவம்பரில் வைஃபை இணையத்துக்கும் அதே உயர வரம்பு விதிக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டின் முதல் நாளன்று ஏர் இந்தியா தன் உள்நாட்டு விமானங்கள் சிலவற்றில் வைஃபை வசதியைத் தொடங்கிற்று.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 2018-ஆம் ஆண்டு விதிகள் குரல் அழைப்புக்கும் இடமளிக்கின்றன. ஆனால் உள்நாட்டுப் பயணத்தில் நமக்குக் கிட்டுவது செய்தி அனுப்பவும் இணையம் பார்க்கவும் உதவும் வசதியே. சட்டம் திறந்துவைத்த கதவைச் சந்தை பாதியளவே திறந்திருக்கிறது. ஏன்?

விடையை அமெரிக்காவில் காணலாம். அங்கே 2013-ஆம் ஆண்டு திசம்பரில் தொலைத்தொடர்பு ஆணையம், தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டதால் பழைய தடையை நீக்கலாம் என்ற முன்மொழிவை வெளியிட்டது. வரவேற்பு கிடைக்கும் என்று அது எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருக்கும். பயணிகளும் விமானப் பணியாளர்களும் எதிர்த்துக் குரலெழுப்பினர். 2018-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு படி மேலே சென்று, உள்நாட்டுப் பயணிகள் விமானங்களில் கைபேசி வழிப் பேச்சைச் சட்டத்தாலேயே விலக்கியது. 2020-இல் ஆணையமும் தன் முன்மொழிவைக் கைவிட்டது. பொறியாளர்கள் “ஆகும்” என்று சொல்லிவிட்ட ஒன்றை மக்கள் “வேண்டாம்” என்று தள்ளிய நிகழ்வுகள் அரிதே. அவற்றுள் இது ஒன்று.

பேச்சு ஏன் இவ்வளவு எரிச்சலூட்டுகிறது? அருகில் இருவர் தமக்குள் பேசிக்கொண்டால் நாம் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. ஒருவர் கைபேசியில் பேசினாலோ நம் கவனம் சிதறிவிடுகிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் இதைச் சோதித்துப் பார்த்தனர். உரையாடலின் ஒரு பாதியை மட்டும் கேட்டவர்கள், முழு உரையாடலைக் கேட்டவர்களைவிடத் தம் வேலையில் அதிகம் தடுமாறினர். அடுத்து என்ன வரும் என்பதை ஊகிக்க இயலாதபோது மனம் விடாமல் அந்த வெற்றிடத்தை நிரப்ப முயல்கிறது. “ஆமாம்... இல்லை... அவரே சொன்னாரா?... எவ்வளவு?” என்று பக்கத்து இருக்கையில் ஒருவர் பேசினால், அந்த “எவ்வளவு” என்ன தொகை என்பதை அறியாமல் நமக்கே உறக்கம் வராது.

விமானத்தின் இரைச்சல் வேறு. சூழலில் ஓசை மிகும்போது மனிதர் தம்மை அறியாமலேயே குரலை உயர்த்துவர். செயற்கைக்கோள் வழிப் பேச்சில் வேறொரு சிக்கலும் உண்டு. புவிநிலைச் செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், நாம் கேட்ட கேள்விக்கு விடை வந்து சேர அரை நொடியேனும் தாமதமாகும். அந்த இடைவெளியில், “கேட்கிறதா? கேட்கிறதா?” என்று இருமடங்கு உரத்துக் கத்துவது மனித இயல்பு. வளைகுடா விமானங்களுள் பல நள்ளிரவிலும் விடியற்காலையிலும் புறப்படுபவை என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். இரயில் பெட்டியில் இரவு பத்து மணிக்குமேல் உரக்கப் பேசுவதும் காதொலிக் கருவியின்றிப் பாட்டுக் கேட்பதும் கூடாதென 2022-இல் நம் இரயில்வே அறிவுறுத்த நேர்ந்தது. இரயிலிலாவது வாயிற்படிப் பக்கம் நகர்ந்து நிற்க இடமிருக்கிறது.

இத்தனையும் கேட்டபின், அழைப்பே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். எதிர்த்தரப்பின் வாதம் அவ்வளவு இலகுவானது அன்று. அதை நம் ஊரார் பலர் பட்டறிந்திருப்பர். தாய்க்கு உடல்நிலை மோசம் என்ற செய்தி கேட்டு, விடுப்பும் பயணச்சீட்டும் பெற்று ஷார்ஜாவிலிருந்து புறப்படும் ஒருவருக்கு அந்த நான்கு மணி நேரம் எத்தகையது? விமானத்தின் கதவு அடைக்கப்படும்போது தாய் உயிருடன் இருக்கிறார். நெடும்பாசேரியில் இறங்கிக் கைபேசியை உயிர்ப்பிக்கும்வரை அவருக்கு எதுவும் தெரியாது. அங்கிருந்து மட்டாஞ்சேரிக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டர் தொலைவு. “பக்கத்து இருக்கைக்காரரின் உறக்கம் கெடும்” என்ற காரணத்தை அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது?

எழுத்துச் செய்தி போதாதா என்று கேட்கலாம். பெரும்பாலான தேவைகளுக்குப் போதும். ஆனால் நம் குடும்பங்களில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். எழுத்தறிந்தவர்களுக்கும் கண்பார்வை மங்கிவிடுகிறது. நோயுற்றவர் தம் பிள்ளையின் குரலைத்தான் கேட்க விரும்புவார், எழுத்தை அன்று. இதற்கு வைஃபை இணையமே ஒரு வழி தருகிறது. வீட்டிலிருப்பவர் பதிவுசெய்து அனுப்பும் குரல்செய்தியைப் பயணி காதொலிக் கருவியில் கேட்டால் அது எவருக்கும் தொல்லை ஆகாது. மறுமொழியாக அவரும் அரை நிமிடம் தாழ்ந்த குரலில் பதிவுசெய்து அனுப்பலாம். அரை நிமிடத்தைப் பொறுத்துக்கொள்ளாத பக்கத்து இருக்கைக்காரர் இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. மணிக்கணக்காக நீளும் உரையாடலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

ஆகவே என் கருத்து இதுவே: கேட்பதற்குத் தடை வேண்டாம், பேசுவதற்குப் பொதுவான தடை இருக்கட்டும். நெருக்கடி நேரத்தில் விமானப் பணியாளரிடம் சொல்லி, பின்புறச் சமையல் பகுதியில் நின்று இரண்டு மணித்துளி பேச இடம் தரலாம். பணியாளர்களுக்கு இது கூடுதல் சுமை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தடையே இல்லாவிட்டால் அவர்கள் தீர்த்துவைக்க வேண்டிய சச்சரவுகள் இதனினும் பன்மடங்காகும். வாய்ச்சண்டைக்கே மூன்று மாதம் வரை பறக்கத் தடை விதிக்கலாம் என்று 2017-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அந்தப் பட்டியல் நீள்வதை எவரும் விரும்பமாட்டார்கள்.

வங்கி வாடிக்கையாளர் என்ற முறையில் கருதத்தக்கவை சில உள்ளன. விமானத்தில் பேச அனுமதி கிட்டினால் முதலில் ஒலிக்கப்போவது வாணிகப் பேச்சுதான். கணக்கு எண்ணையும் அட்டை எண்ணையும் பிறந்த தேதியையும் இரைச்சலுக்கு மேல் உரக்கச் சொன்னால், முன்னும் பின்னுமாக மூன்று வரிசையினர் அவற்றைக் கேட்பர். குறுஞ்செய்தியில் வரும் ஓ.டி.பி., ஃபிளைட் மோட் நிலையிலுள்ள கைபேசிக்கு வைஃபை இருந்தாலும் பொதுவாக வந்து சேராது. ஆதலால் அவசரப் பணப் பரிமாற்றங்களை விமானம் ஏறுமுன்பே முடித்துவிடுவது நலம்.

மற்றொன்று கட்டணம். விமானத்துக்குள் இயங்கும் சிறு கோபுரம் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தைப் போன்றது. அதனுடன் இணைந்தால் அது ரோமிங் எனவே கணக்கிடப்படும். நீங்கள் பேசாவிட்டாலும், ஃபிளைட் மோட் இடாத கைபேசி பின்னணியில் தானாகவே தரவைப் பெற்றுக்கொண்டிருக்கும். ஊர் திரும்பியபின் கட்டணச்சீட்டைப் பார்த்துத் திகைப்போர் உண்டு. பயன்படுத்த எண்ணுவோர் முன்கூட்டியே அதற்குரிய திட்டத்தைப் பெற்றுக்கொள்வதே சிக்கனம். 2020-இல் ஜியோ வெளியிட்ட விமானப் பயணத் திட்டங்கள் 499 ரூபாயில் தொடங்கின. ஒரு நாளுக்கு 250 மெகாபைட் தரவும் நூறு நிமிட வெளியழைப்பும் அதில் அடங்கும். 2024-இல் ஏர்டெல் 195 ரூபாயில் தொடங்கும் திட்டங்களை அறிமுகப்படுத்தியது. விலைகள் அவ்வப்போது மாறுவதால் புறப்படுமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு நுணுக்கம்: ஜியோவின் அந்தத் திட்டங்களில் உள்வரும் அழைப்புக்கு இடமில்லை. நீங்கள் அழைக்கலாம், உங்களை எவரும் அழைக்க இயலாது. வீட்டிலிருந்து ஏதேனும் அவசரச் செய்தியை எதிர்பார்த்துப் பயணம் செய்வோர், அழைத்துப் பார்க்காமல் குறுஞ்செய்தி அனுப்பும்படி வீட்டாரிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.